சாருபாலாவின் மணை

எங்கள் அப்பா வைத்தீஸ்வர ஆசாரி செய்த சாமான் எதையும் ஒரே ஆள் தூக்கியதாகக் கல்கத்தா பவானிபூரில் சரித்திரமே கிடையாது. முக்காலி என்றால் இரண்டு பேர் வேண்டும். கட்டில் என்றால் நாலு பேரும், நடுவில் அவர்களுக்கு மோர் கொடுக்க இன்னொருவரும் வேண்டும். "மரம்னா கனக்கத்தான் செய்யும். கனக்காம இருக்க அது என்ன அப்பளமா?" என்பார்.

மாயவரத்துக்காரர். அரசாங்கக் கணக்கு ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்த மஹாதேவய்யர், தம் கல்கத்தா வீட்டில் ஊஞ்சல் போடுவதற்காக 1904-ல் அவரை ரயிலேற்றிக் கூட்டி வந்தார். ஒரு மாத வேலை என்று பேச்சு. ஊஞ்சலைப் பார்த்த மற்றத் தமிழ் உத்தியோகஸ்தர்களுக்கும் ஆளுக்கொன்று வேண்டியிருந்தது. அப்பா அம்மாவையும் இரண்டு அக்காக்களையும் வரவழைத்துவிட்டார். நானும் என் தங்கையும் பவானிபூரிலேயே பிறந்தோம்.

நாலும் பெண்ணா என்று யாராவது உச்சுக்கொட்டினால் அப்பாவுக்குக் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு பேருக்கும் அவரேதான் தலை பின்னிவிடுவார். வகிடு எடுத்துவிட்டு, பலகை பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மயிரிழை கோணினாலும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பம். மூன்றாவதாக உட்காரும் எனக்கு முறை வருவதற்குள் சோறு ஆறிப்போகும்.

அவருக்கு வங்காளி கடைசி வரை பிடிபடவில்லை. அம்மா நாகலக்ஷ்மிக்கோ ஆறே மாதத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டு ஹரிசரண் பாபு வந்து தம் பெண் சாருபாலாவின் கல்யாணத்துக்கு ஒரு 'பிரி' வேண்டும் என்றார்.

"கல்யாணப் பேச்சுல என்ன பிரி கிரின்னுக்கிட்டு?" என்று அப்பா முகம் சுளித்தார்.

"மணையைத்தான் அப்படிச் சொல்றாங்க. பொண்ணு உட்கார" என்றாள் அம்மா.

மணை என்றதும் அப்பா மலர்ந்துவிட்டார். எங்களவர்களுக்கு மணை என்றால் தரையில் கிடப்பது. உட்காருவார்கள், எழுந்திருப்பார்கள், அதோடு சரி. வங்காளிக் கல்யாணத்தை அவரும் அம்மாவும் அதுவரை கிட்ட இருந்து பார்த்ததில்லை. பர்மா தேக்கில், மூன்று விரல் கனத்தில், அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து, சுற்றிலும் மாங்காய் செதுக்கி, பத்து நாள் இழைத்தார். இரண்டு கூலிகள் தூக்கிப் போய் வைத்தார்கள். ஹரிசரண் பாபு அழகைப் பார்த்துக் கண்கலங்கினார். கனத்தை அவர் பார்க்கவில்லை.

முகூர்த்தம் பொழுது சாயும் நேரத்தில். முற்றத்துப் பந்தலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சாருபாலா இரண்டு வெற்றிலையால் முகத்தை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் தம்பிகள் மூன்று பேர், மூவரும் காலேஜில் படித்துப் படித்து ஈர்க்குச்சியாகப் போனவர்கள், குனிந்து மணையைப் பிடித்தார்கள். ஒரு சாண் எழும்பியது. தொம்மென்று இறங்கியது.

"ஏன் மணையைத் தூக்குறாங்க? பொண்ண எழுந்திரிக்கச் சொன்னா தானா நடந்து வருது" என்றார் அப்பா.

அம்மா பக்கத்திலிருந்த மாமியிடம் விசாரித்தாள். கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. "பொண்ண மணையோட தூக்கிக்கிட்டு மாப்பிள்ளைய ஏழு சுத்து சுத்தணுமாம்."

"எந்த மணையோட?"

"நீங்க செஞ்ச மணையோடதான்!"

அப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனார். புரோகிதர் கையை நீட்டித் தடுத்தார். கூடப் பிறந்தவர்கள்தான் தூக்க வேண்டும், இந்த மிஸ்திரி யார் என்று கேட்டார். வெற்றிலைக்குப் பின்னாலிருந்து சாருபாலா சீறினாள். மணப்பெண் பேசக் கூடாது, ஆனாலும் பேசினாள்.

"என்ன சொல்லுது?" என்று அப்பா திரும்பினார்.

"நீங்க அவளுக்கு அண்ணனாம். கை வலிக்குதாம். சீக்கிரம் தூக்கணுமாம்!" என்று அம்மா கத்தினாள்.

தூக்கினார். "ஒண்ணு!" என்று அவர் குரல் கொடுக்க, மூன்று பையன்களும் மூச்சு வாங்கிக்கொண்டு "ஒன்னு!" என்றார்கள். நாலாவது சுற்று வரை மந்திரம் மாதிரி தமிழ் எண்ணிக்கை நடந்தது. ஐந்தாவதில் நடுப்பையனின் கை நழுவி மணை சாய்ந்தது. சாருபாலா வெற்றிலையை வீசிவிட்டு அப்பாவின் குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏழு சுற்று முடிந்துதான் மாப்பிள்ளை பெண் முகத்தைப் பார்க்கலாம். இவர் ஐந்திலேயே பார்த்துவிட்டார், அதுவும் வாய் பிளந்த முகத்தை. அவர் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டாள். புரோகிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமிகள் இதையெல்லாம் மறைக்க இன்னும் பலமாகக் குலவையிட்டார்கள். கண்ணில் நீர் கொட்ட அப்பா "ஆறு!" என்றார்.

சாப்பாட்டின்போது அவருக்குத் தலை நிமிரவில்லை. "அடுத்த பொண்ணுக்கு இலேசா செஞ்சு தரேன்னு சொல்லு" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். தமக்கு ஒரே பெண்தான் என்றார் ஹரிசரண் பாபு, கடவுளுக்கு நன்றி சொல்லும் தோரணையில்.

அதன் பிறகு அப்பா ஒரே ஒரு வங்காளி வாக்கியத்தைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டார்: "எட்டா துல்பேன்?" இதைத் தூக்குவீர்களா என்று அர்த்தம். யார் வந்து எதைக் கேட்டாலும் இதைக் கேட்காமல் உளியைத் தொட மாட்டார். வாசற்கதவு கேட்டு வந்த வக்கீல் ஒருவர் பயந்து வேறு ஆசாரியிடம் போய்விட்டார்.

சாருபாலா, அவசரத்துக்குச் சொன்ன அண்ணன் முறையை விடவில்லை. காளி பூஜைக்கு அடுத்து வரும் பாய்போட்டா அன்று, சகோதரிகள் சகோதரர்களின் நெற்றியில் சந்தனம் இட்டு ஆயுளுக்கு வேண்டிக்கொள்வார்கள். வருஷா வருஷம் பாலிகஞ்சில் இருந்த தன் புக்ககத்துக்கு அப்பாவை வரவழைத்து அவளும் இடுவாள். சந்தேஷ் ஊட்டிவிடுவாள். தித்திப்பு ஆகாத அப்பா, கஷாயம் குடிக்கிற முகத்தோடு முழுங்குவார்.

அவருக்கு எழுபது வயதாகி, முழங்கால் பிடித்துக்கொண்டு நடமாட முடியாமல் போன வருஷம், அவளே குதிரை வண்டியில் தட்டோடு வந்து இறங்கினாள். யமன் வாசலில் முள் வைக்கிறேன், என் அண்ணனிடம் அவன் வர முடியாது என்று அவர்கள் மந்திரம் சொல்வார்கள். அந்த வருஷம்தான் அப்பா அதற்கு அர்த்தம் கேட்டார். அம்மா சொன்னாள்.

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "முள்ளு எதுக்காகும்? ஒரு மழைக்குத் தாங்காது. நல்ல தேக்குல ஒரு கதவாப் போடச் சொல்லு."

அம்மா அதை வங்காளியில் சொன்னதும் சாருபாலா சிரித்தாள். பிறகு அவருடைய முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அப்பா மூன்று வருஷம் இருந்தார். மூன்று வருஷமும் அவள் வந்தாள், சந்தேஷும் வந்தது.