பள்ளிகொண்டா தாண்டியதும்

இதயம் பலவீனமான அமிர்தவள்ளி மெல்ல நடந்து, ஆம்பூர் ஷூ கம்பெனிப் பேருந்தில் கடைசியாக ஏறுவாள். டிரைவருக்குப் பின்னால் ஒற்றை சீட்தான் மிஞ்சும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பும் குறைவு என்று வந்தது.

“நீயும் நம்ம செட்டுதான்கா, இங்க வா!” என்று, பின் சீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் நான்கு பெண்களில் ஒருத்தியான முத்துமாரி இடம் ஒதுக்கி, தன் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் பள்ளிகொண்டா தாண்டியதும், வெறும் வயிற்றில் ஐந்து பெண்களும் சேர்ந்து விழுங்கினார்கள்.

பத்தாம் நாள் அமிர்தவள்ளிக்கு நெஞ்சு படபடத்தது.

“தைராய்டு சுரப்பி நல்லாத்தான் இருக்கும்மா. இதயம் தளர்ந்ததாலதான் சுரப்பு கம்மியா காட்டுது. அந்த மாத்திரை இதயத்த விரட்டும், தொடாதீங்க,” என்றார் டாக்டர்.

மறுநாள் முத்துமாரி மாத்திரையை நீட்டினாள்.

“எனக்கு அந்த நோவு இல்லியாம்டி.”

“குடுத்து வச்சவக்கா நீ!”

அமிர்தவள்ளி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒற்றை சீட்டுக்குப் போனாள்.