ரேழியில் ஒரு இலை

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. லண்டனில் படிப்பை முடித்த நான், மனைவியோடு கையிலிருந்த சொற்பப் பணத்தில் இத்தாலியைச் சுற்றினேன். நேப்பிள்ஸில் அவளுக்குக் கடும் காய்ச்சல். நாங்கள் தங்கிய மலிவான விடுதியை நடத்திய அம்மாள், தன் ரேஷன் ரொட்டியை எலும்பு சூப்பில் நனைத்து மூன்று நாள் அவளுக்கு ஊட்டினாள்.

ஊர் திரும்பியதும், மயிலாப்பூர் வீட்டு வாசலிலேயே என் அம்மா கேட்டாள்: "அங்க யாராத்துலயாவது சாப்டேளா?"

"இல்லேம்மா. பழமும் பாலுந்தான்" என்றேன்.

"நான் சாப்ட்டேன். அந்த விடுதி மாமி ஊட்டினதாலதான் பிழைச்சேன்" என்றாள் மனைவி.

அம்மா அவளுக்கு வாசலை ஒட்டிய ரேழியில் தனியாக இலை போட்டாள். எனக்கு உள்ளே.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் மோர் சாதம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.