தேக்காவிலிருந்து வந்த காலி பாட்டில்கள்

என் நாத்தனார் கண்ணாடி வெட்ட ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. என் கணவருக்கு ஒரே தங்கை. மாமியாரும் அவளும் எங்களோடுதான் இருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவளைக் கண்டதும் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதற்காகவே அவள் விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வீட்டிலேயே இருந்து நேரம் போக வேண்டுமே. கைப்பேசியில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வெட்டும் சின்னக் கருவி ஒன்றை வரவழைத்தாள்.

முதலில் மாட்டியது சமையலறையில் காலியாகிக் கிடந்த நல்லெண்ணெய் பாட்டில். கருவியில் வைத்து ஒரு சுற்று சுற்றினாள். கீறல் விழுந்த இடத்தில் சுடுதண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறி மாறி ஊற்றினாள். பாட்டில் கோணல்மாணலாக விரிந்து, சிங்க்குக்குள் மூன்று துண்டாக விழுந்தது.

"நல்லா இருந்த பாட்டில்டி!" என்றார் மாமியார். "மிளகு போட்டு வச்சிருப்பேன்."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நானாக இருந்தால் கருவியை எடுத்து, சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் குண்டுவீச்சுக்கு ஒளிய என்று கட்டியிருக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் போட்டிருப்பேன். எங்கள் வீட்டில் வேண்டாத சாமான் எல்லாம் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால்தான் போய்ச் சேரும். அவள் உடைந்த துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை கீறிட்டேன் அண்ணி. அதான் தப்பு. ஒரே கோடுதான் போடணும். கையை எடுக்கவே கூடாது."

அதற்குப் பிறகு அவள் கோடு போடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். ஒரு நாள், 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டு, பாட்டில் இரண்டாகப் பிரிந்து அவள் கையில் வந்தது. விளிம்பைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உப்புத்தாளில் தேய்த்தாள். தொட்டுப் பார்த்தேன். குடிக்கிற டம்ளரின் வாய் போல இருந்தது. கீழ்ப்பாதியில் மணி பிளான்ட் வைத்தாள். மேல்பாதியை எரிகிற அகல் மேல் கவிழ்த்தாற்போல் நிறுத்தினாள். அடியில் காற்று போக மூன்று கூழாங்கற்கள். சுடர் அசையாமல் நின்றது. எதையும் வீணாக்காத அந்தப் புத்தி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

வீட்டுப் பாட்டில்கள் தீர்ந்தபோதுதான், லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை கதைக்குள் வந்தது. சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அங்கே ஈரச்சந்தைக்குப் போவோம். கீரையும் மீனும் வாங்கிவிட்டு, உணவுக் கடைகள் பக்கம் உட்கார்ந்து தே குடிப்போம்; பால் ஊற்றிய டீயை இங்கே அப்படித்தான் சொல்வோம். வழக்கமாகப் போகும் பானக் கடையை நடத்தியவர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்றும், பிள்ளைகள் இல்லை என்றும் பக்கத்துக் கடையில் சொல்லிக் கேட்டிருந்தோம். அதிகம் பேச மாட்டார். கடைக்குக் கீழே பீர் பாட்டில், சோடா பாட்டில், பாலில் ஊற்றிப் பண்டோங் கலக்கும் ரோஸ் சிரப் பாட்டில் எல்லாம் கூடை கூடையாக இருக்கும்.

"அண்ணே, இந்தக் காலி பாட்டில் ரெண்டு கிடைக்குமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"எதுக்கும்மா? ஊறுகா போடவா?"

"வெட்டறதுக்கு."

அவர் தே ஆற்றி இழுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் பையில் பச்சையும் பழுப்புமாக எடுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் எங்களுக்காக ஒரு பை தயாராக இருந்தது. பாட்டில்களைக் கழுவி வைத்திருந்தார். அதற்கடுத்த வாரம் லேபிளும் இல்லை. லேபிள் உரிப்பதுதான் இந்த வேலையிலேயே எரிச்சலூட்டுவது. ஊற வைக்க வேண்டும், சுரண்ட வேண்டும், அப்புறமும் பசை பிசுபிசுக்கும். அவர் கொடுத்த பாட்டிலில் பசையின் சுவடே இல்லை.

"எப்படிண்ணே எடுத்தீங்க?"

"தேங்கா எண்ணெய்ல சோடா உப்பைக் குழைச்சுத் தடவினா வந்துடுது. நானும் வீடியோ பாத்தேன் லா" என்றார், கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி. அவர் காது சிவந்திருந்தது. நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன்.

பதிலுக்கு அவள் ஒரு விளக்கு செய்து கொடுத்தாள். பழுப்பு பீர் பாட்டிலின் அடியை எடுத்துவிட்டு, கழுத்து வழியாக ஒயர் விட்டு, உள்ளே பல்ப் தொங்குகிற மாதிரி. அவர் அதை தே ஆற்றும் இடத்துக்கு மேலேயே மாட்டினார். அந்த வெளிச்சத்தில் பித்தளைப் பாத்திரமும் பால் டின்னும் தேன் பூசினாற்போல் இருந்தன. பக்கத்துக் கடைச் சீனர் வந்து அண்ணாந்து பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். "வாங்கல, செஞ்சாங்க" என்று பானக் கடைக்காரர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை, எங்கள் வீட்டில் யாரும் அவள் விஷயத்தில் அதுவரை காட்டியதில்லை.

இன்னும் சில சனிக்கிழமைகள் போயின. ஒரு நாள் அவள் பையை வாங்கிக்கொண்டே, "இங்க பாருங்க, இந்தப் பச்சை இன்னும் கிடைக்குமா?" என்றாள். நான் தே கோப்பையைக் கீழே வைத்தேன். 'அண்ணே' காணாமல் போயிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "என்ன, அண்ணனை விட்டுட்டே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். "அவரே கேட்டாரு அண்ணி. அப்படிக் கூப்பிடாதீங்கன்னு."

பிறகு, இருவரும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்ததை அவள் வீட்டில் சொன்னபோது என் கணவர் எழுந்து போய்த் தங்கையின் தலையில் கை வைத்தார். மாமியார்தான் தயங்கினார். "இத்தனை வயசுக்கு மேலயா? ஊர் என்ன சொல்லும்?"

"அம்மா, இத்தனை வருஷமா ஊர் சொன்னதைவிட அதிகமா இனி என்ன சொல்லிடப் போகுது?"

அவள் அம்மாவிடம் அப்படி நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. மாமியாரும் கேட்டதில்லை போலும். சமையலறைக்குள் போனவர், மிளகாய்த்தூள் டப்பாவோடு வெளியே வந்து, "அவர் காரம் சாப்பிடுவாரா?" என்றார்.

கோயிலில் தாலி கட்டுவது, மாலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து என்று முடிவாயிற்று. மேசை அலங்காரம் முழுக்கத் தன் பொறுப்பு என்றாள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பாட்டில்: கீழ்ப்பாதியில் மல்லிகையும் மரிக்கொழுந்தும், மேல்பாதிக்குள் அகல்.

"பீர் பாட்டிலையா கல்யாணத்துல வைக்கப் போறே?" மாமியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கழுவி, வெட்டி, தேச்சாச்சு. இனிமே அது வெறும் கண்ணாடிம்மா."

விருந்தன்று சாப்பாடு ஆரம்பிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்துக்குச் சுவர் கிடையாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. நுழைகிற இடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த குத்துவிளக்கு அணைந்தது. ஏற்றினோம், மறுபடி அணைந்தது. மேசைத் துணிகள் படபடத்தன, காகிதத் தட்டுகள் பறந்தன. மேசைகளின் மேல் மட்டும் பச்சையும் பழுப்புமாக அத்தனை சுடர்களும் நின்று எரிந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். முன்பு குரலைத் தாழ்த்திய பெண்களும் அதில் இருந்தார்கள். ஒருத்தி சத்தமாகவே கேட்டாள், "இதையெல்லாம் பொண்ணா செஞ்சுச்சு?"

மாமியார் எழுந்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடியை அகலோடும் கற்களோடும் தூக்கிக்கொண்டு போய், சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விருந்து முடிந்ததும் ஒரு விளக்கு மிச்சமில்லை. கேட்டுக் கேட்டு எடுத்துப் போனார்கள். அப்புறம் விலைக்குக் கேட்டும் பலர் அழைத்தார்கள். அவள் விற்க மறுத்துவிட்டாள். "விக்கிறதுன்னா அவசரப்படணும் அண்ணி. அவசரப்பட்டா உடையும்."

ஆனால் சொல்லிக்கொடுக்கிறாள். இப்போது ஞாயிறு காலைகளில் அவர்கள் இருவரும் குடியிருக்கும் பேட்டையின் சமூக மன்றத்தில் சீன, மலாய், தமிழ்ப் பெண்கள் பை நிறையப் பாட்டிலோடு வருகிறார்கள். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவரும் வந்து கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைக்கிறார். லேபிள் உரிக்கும் இடத்துக்கு என் மாமியார் பொறுப்பு. ஒரு மலாய் அம்மாவின் பாட்டிலைப் போன வாரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பசை இன்னும் போகவில்லை என்று தமிழிலேயே திட்டித் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே போய் மறுபடி ஊற வைத்தார்.