வாசிக்கும் முறை வந்தால் கவிழும் மைக்கூடு

எதிர் வீட்டுப் பெண் தன் மகனைப் பற்றி டாக்டர் கொடுத்த அறிக்கையை என்னிடம் நீட்டினாள். ஒன்பது பக்கம். கவனக் குறைபாடு, எழுத்துத் தடுமாற்றம் என்று நிதானமாக விளக்கியிருந்தார்கள். எங்கள் காலத்தில் இத்தனைக்கும் ஒரே வார்த்தைதான்: வாலு. தாளில் அடித்த மை வாசனையில் எனக்கு என் வெள்ளைப் புடவை ஞாபகம் வந்துவிட்டது.

எழுபத்திரண்டில் அடையாறில் ஒரு சின்னப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். கையில் பயிற்சிச் சான்றிதழ், தலையில் அதைவிடக் கனமான கர்வம். ஒரே வாரத்தில் அதை இறக்கி வைத்தவள் மல்லிகா. பக்கத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்திலிருந்து வருவாள். உட்கார மாட்டாள். பக்கத்துப் பெண்ணின் பின்னலைப் பெஞ்சோடு கட்டுவாள். என் மேஜை மைக்கூட்டை மூன்று முறை கவிழ்த்தாள். மூன்று முறையும் என் புடவை மேல்தான். ஸ்கேலால் அடித்தேன். "அவ்ளோதானா டீச்சர்?" என்றாள். ஸ்கேல்தான் உடைந்தது.

தலைமையாசிரியை அவள் அம்மாவை வரவழைத்து, "இன்னொரு தரம் நடந்தா டி.சி.தான்" என்றார். அந்தம்மா மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"கத சொல்ல வுட்டா குப்பமே குந்திக் கேக்கும் டீச்சர். பொஸ்தகத்தப் பாத்தாதான் இப்டி ஆடிக்கினு கீது."

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. மூன்று முறையும் மை கவிழ்ந்தது அவள் வாசிக்கும் முறை வந்தபோது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவளைத் தனியாக உட்கார வைத்து, ஒரு வரி மட்டும் தெரியும்படி மற்றதைத் தாளால் மறைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "எல்லா எழுத்தும் நெளியுது டீச்சர்" என்றாள். அடிக்கு அழாதவள் அதற்கு அழுதாள். நானும் உள்ளே ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு வாசிப்புக்கு முன் அவளைத் தண்ணீர்ப் பானை நிரப்ப இரண்டு நடை ஓடவிட்டேன். வகுப்புக்கு முன்னால் வாசிக்கச் சொல்வதில்லை. பாடத்தைக் காதால் கேட்டு வாயால் சொன்னால் போதும். பள்ளி விட்ட பிறகு ஒரு வரி. அற்புதமெல்லாம் நடக்கவில்லை. பின்னல் கட்டுவது கடைசிவரை தொடர்ந்தது. மைக்கூடு மட்டும் கவிழவில்லை, டி.சி.யும் எழுதப்படவில்லை. வகுப்பு மாறிய பிறகும் சாயங்காலம் என்னிடம் வந்தாள்; ஐந்தாவது முடிக்கும்போது தட்டுத்தடுமாறி அரைப் பக்கம் வாசித்தாள். பிறகு எங்கே போனாள் என்று தெரியாது.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். பள்ளி இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. கேட்டருகே நின்ற என்னிடம் வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும் மேடம்?" என்று கேட்டார். சொல்ல ஒரு பெயர் இருந்தது. வீட்டு எண்தான் இல்லை.