வெயிலுக்கு விட்ட லீவு

ஜெர்மானியர்களை உருவாக்கியது பனிதான் என்று எங்கள் நான்காம் வகுப்பு டீச்சர் சொன்னார். ஆறு மாதம் குளிரடித்தால் விறகு பிளக்க வேண்டும், நிலவறையில் உருளைக்கிழங்கு சேர்க்க வேண்டும். அதனால்தான் அவர்கள் உழைப்பாளிகளாம். வெயில் நாடுகளில் வாழைப்பழம் தானாக மடியில் விழுமாம், மக்கள் தூங்குவார்களாம். சொல்லிவிட்டு என்னைப் பரிவாகப் பார்த்தார். அந்தப் பரிவுதான் என்னை எரித்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் அந்தப் பள்ளிக்கே இந்தியச் சிறுமி நான் ஒருத்திதான்.

மாலையில் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சைக்கிளில் திரும்பிய அப்பாவிடம், "நாம சோம்பேறிங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம நாட்டுக்கு இப்பத்தான் இருபது வயசு. அதுக்குள்ள யாரு ரிசல்ட் போட்டது? நீ ப்ரூவ் பண்ணிக் காட்டு," என்று சிரித்தபடி குரங்குக் குல்லாயைக் கழற்றினார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு உத்தரவு.

ஜூன் வரை காத்திருந்தேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு, தாழ்வாரத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர், வெயில் அதிகம், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அங்கே அப்படி ஒரு வழக்கம். கூச்சலோடு வகுப்பு காலியானது. நான் எழவில்லை.

"நீ போகலையா?"

"இதெல்லாம் எங்க ஊர்ல குளிர்காலம், டீச்சர்."

மூன்று வயதில் மெட்ராஸை விட்டு வந்தவள் சொன்ன சேதி இது.

என்னைத் தனியே விட முடியாமல் அவரும் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைக்காமல் கணக்குப் போட்டேன். டீச்சர் விசிறிக்கொண்டார், மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றினார், கடைசியில் கையில் தலை சாய்த்துத் தூங்கியே போனார். நாடு ஜெயித்துவிட்டது!

அந்த நேரம் பார்த்து அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏன்டி, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வீடு போய்ச் சேர்ந்தாச்சு. இங்க என்ன பண்றே?"

"நாட்டுக்காக உட்கார்ந்திருக்கேம்மா. வெயிலுக்கெல்லாம் நாம லீவு விட மாட்டோம்னு காட்டறேன்."

"யாருடி சொன்னா? மெட்ராஸ்ல வெயிலுக்கு முழுசா ரெண்டு மாசம் லீவு. எழுந்திரு, சாதம் ஆறுது!"

போகிற போக்கில், டீச்சரின் முகத்தில் வெயில் படாதபடி அம்மா ஜன்னல் திரையை மெல்ல இழுத்துவிட்டாள். எதிரிக்கு உதவிய அம்மாவோடு நான் அன்று முழுக்கப் பேசவில்லை.

டீச்சரின் நாடான மேற்கு ஜெர்மனி எங்கள் நாட்டைவிட இரண்டு வயது இளையது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் ஓர் உலகப் போர் இருந்ததும், தாங்கள் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, கூசாமல் எடுத்துக்கொள்ள அவருக்குப் பனி ஒன்றுதான் மிஞ்சியிருந்ததும் தெரியாது.