உதடு ஒட்டும் இடம்

வலது காலைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டுதான் சாரா பீவி வேலை பார்ப்பார். வெறுங்கால். வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டர் ஒரே ஃபைலாகச் சேர்க்கும்போது உள்ளே ஃபேன் உறுமுவதை நாமெல்லாம் காதால் கேட்போம். அவர் உள்ளங்காலால் கேட்பார். அதிர்வு கொஞ்சம் மாறினால் போதும், "மூச்சு வாங்குது, பாவம்" என்று மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடிவிடுவார். எட்டு வயதுக் காய்ச்சல் இரண்டு காதுகளையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டதால் தங்கிவிட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல், சற்று உரக்கவே வரும். எதிரில் இருப்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

பெண்கள் பக்கம் எடுத்த படங்களை ஒரு பெண்ணே பார்த்துச் சரிசெய்து தரவேண்டும் என்று கேட்கிற குடும்பங்களால் தென்னூர் வீட்டில் தொடங்கிய தொழில் இது. மண்டபத்துக் கலர் லைட்டில் எல்லார் முகமும் நீலம் பாரித்துக் கிடக்கும். ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை மொத்தப் படங்களுக்கும் ஒரே அமுக்கில் ஏற்றிவிடலாம்தான். அவசரக்காரர்கள் குப்புற விழுவதும் அங்கேதான். சாரா பீவி அந்தக் கூட்டத்திலேயே நல்ல கறுப்பான முகம் ஒன்று, பளீர் வெள்ளை வேட்டி ஒன்று, ஜரிகை அடர்ந்த புடவை ஒன்று என்று பொறுக்கி, முதலில் அவற்றில் போட்டுப் பார்ப்பார். மூன்றும் தேறினால்தான் மற்றதெல்லாம். "முகத்த வெளுக்க வச்சுட்டா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதுங்க" என்பார். ஒரிஜினல் படங்களைப் பூட்டி வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயர் 'கைய வைக்காதே'.

இவரிடம்தான் ஸ்ரீரங்கத்து அம்ருதா ஒரு பென் டிரைவோடு வந்து நின்றாள். வாசலில் சாரா பீவியின் கணவர் நிஜாமுதீன், "அவங்களுக்குக் காது கேக்காதுங்க, முகத்தப் பாத்துப் பேசுங்க" என்றபோது அவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கொண்டுவந்ததே சத்தத்தில் கோளாறு. காது கேட்காதவரிடம் அதைக் கொடுத்து என்ன செய்ய? ஆனாலும் போக வேறு இடம் இல்லை. ஏறி இறங்கிய ஸ்டூடியோக்களில், வேறு யாரையாவது பேசவைத்துச் சேர்த்துவிடலாம் என்றார்கள்.

வேறு யாரையாவதா! அது அவள் அப்பாவின் குரல். அவர் பெயர் சாரங்கபாணி. கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர், பேசத் தொடங்கினால் ஊரே உட்கார்ந்து கேட்கும். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் ஒரு சிலேட்டு. அவர் எழுதி முடிக்கும்வரை வீட்டில் எல்லோரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். அந்த மரியாதை தாங்காமல் அவர் பேச்சு 'சரி', 'வேண்டாம்' என்று சுருங்கிவிட்டது. முழுசாக மிஞ்சியிருப்பது அம்ருதாவின் கல்யாண ரிசப்ஷனில் அவர் பேசிய பேச்சு ஒன்றுதான், உறவுக்காரப் பையன் போனில் எடுத்தது. அம்ருதா அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்னும் பின்னும் வெட்டிப் போட்டுக் காட்டினாள். பாதியிலேயே வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். சாரங்கபாணி சிலேட்டில், 'யாரோ பேசறான். நான் இல்லை' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அதைப் பார்க்கவே மறுத்தார்.

அம்ருதா சத்தத்தைத் தனியே பிரித்து நகர்த்திப் பார்த்தாள், துண்டு துண்டாக வெட்டியும் பார்த்தாள். பேச்சு நொண்டியது.

சாரா பீவி முழுசையும் இமைக்காமல் பார்த்தார். "ஆரம்பத்துல சரியா இருக்கு. போகப் போகத்தான் வெலகுது. ஒரே அளவா வெலகியிருந்தா நகத்தி வச்சிரலாம். இது கூடிக்கிட்டே போகுதுங்க, நகத்திப் பிரயோஜனம் இல்ல. வெளிச்சத்துக்குத் தக்கன போன் கொஞ்சம் வேகமாவும் கொஞ்சம் மெதுவாவும் படத்த எடுத்திருக்கு. ஒங்க கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வேகம்னு நெனச்சுக்கிச்சு. மொதல்ல வேகத்த ஒண்ணாக்கணும், அப்புறந்தான் கத்தரி."

"சரியாச்சான்னு நீங்க எப்படிப் பாப்பேள்?" அம்ருதாவுக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

சாரா பீவி திரையில் விரலை வைத்தார். மேலே அப்பாவின் முகம், கீழே அவர் குரலின் ஏற்ற இறக்கம் பச்சைக் கோடாக ஓடியது. "மாப்பிள்ளைன்னு சொல்றாரா? 'ப்பி'க்கு ஒதடு ஒட்டும். ஒட்டுற எடத்துல கோடும் அமுங்கணும். ஒங்க அப்பா வார்த்தைக்கு வார்த்தை மாப்பிள்ளைங்கறாரு, மாஷா அல்லாஹ், எனக்கு அதுவே போதும்."

அம்ருதா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல், அவள் ஒரு நாளும் அந்த உதட்டைப் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் சாரா பீவிக்கு ஒரே பிடிவாதம்: "அப்பாவக் கூட்டிட்டு வாங்க. கண்ணுக்கு நான் பொறுப்பு. காதுக்கு அவருதான் சொல்லணும்." அம்ருதா அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டிக் கூட்டிவந்தாள். நெற்றியில் திருமண், கழுத்தில் சுற்றிய துணி, மடியில் சிலேட்டு. 'சீக்கிரம் போகணும்' என்று வழியிலேயே எழுதிவிட்டார்.

வீடியோ ஓடியது. "மாப்பிள்ளை, முதல்லயே சொல்லிடறேன். எங்காத்துல பேசறது நான் மட்டுந்தான். கேட்டுக்கறது உங்க பாடு, மாப்பிள்ளை." மண்டபமே சிரித்தது. கடைசிச் சொல்வரை சத்தம் அந்த வாயைவிட்டு இம்மி நகரவில்லை. சாரா பீவி திரைப் பக்கமே திரும்பவில்லை; சாரங்கபாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரங்கபாணியின் கண் நிறைந்திருந்தது. திரையில் இருந்தவரோடு சேர்ந்து அவர் உதடும் ஒவ்வொரு சொல்லாக அசைந்தது.

வீடியோ நின்றது. உதடு நிற்கவில்லை. ஏதோ நீளமாகச் சொன்னார், சத்தமே இல்லாமல். அம்ருதா அவசரமாகக் கீழே உருண்ட பலப்பத்தைத் தேடினாள்.

"வீடியோல ஒங்க பஞ்சகச்சம் கோணலா இருக்கறதுக்கெல்லாம் நான் என்னங்கய்யா பண்றது?" என்றார் சாரா பீவி, தன் தட்டையான குரலில். "அத அன்னிக்கே ஒங்க வீட்டம்மால்ல பாத்திருக்கணும்."

அம்ருதா பலப்பத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சாரங்கபாணி சிலேட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியைச் சாரா பீவிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.