கருத்துக் கேட்க வந்தவருக்குப் பொன்னாடை

அரசாங்கம் அதுவரை எங்களிடம் கருத்து என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. வரி கேட்டிருக்கிறது, அடையாள அட்டை கேட்டிருக்கிறது, பிள்ளைகளை அளவோடு பெற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அம்மா குடியிருந்த கம்பவுண்டின் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒற்றை வீட்டுக்கென்று ஒதுக்கியிருந்த அந்த மனையை அடுக்குமாடிக்கான மனையாக மாற்ற உத்தேசமாம். குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வருவாராம்.

ஒற்றை வீடு என்றதும் பங்களா, தோட்டம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரன் கட்டிய வீடுதான். பிறகு அதன் அறைகளையெல்லாம் பலகையால் தடுத்து வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பங்குக் கோயிலுக்குப் போகிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். வேலியோரம், வாழைகளுக்குப் பின்னால், இரண்டு வாளிக் கக்கூஸ். அப்பா இறந்த பிறகு அம்மா பின்னறையில் இருந்தார். உடன் இருப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்த என் தம்பிக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவனைவிட அவன் பெட்டிதான் அதிக நாள் இருந்தது. நான் கல்யாணமாகிக் கிளமெண்டியில், மாமனார் மாமியார் கொழுந்தனோடு மூவறை வீட்டில் இடித்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இடம் இடிபட்டால் எல்லோருக்கும் அரசாங்க வீடு கிடைக்கும், ஆனால் எங்கே என்று சொல்ல முடியாது என்று பேச்சு. மேற்கே புக்கிட் பாத்தோக்காக இருக்கலாம், வடக்குக் கோடியில் ஜோகூர் எல்லையை ஒட்டிய மார்சிலிங்காக இருக்கலாம். "மார்சிலிங்னா நேரா ஜோகூருக்கே போயிடலாம்லா" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் எதற்குத் தலைவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பவுண்டின் முன்னறையில் குடியிருந்தார். எங்கள் பங்கில் எது நடந்தாலும், பிள்ளைகளுக்கு முட்டை உருட்டும் போட்டியே ஆனாலும், தலைமையுரை அவருடையது. இந்த விஷயத்தையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். அவர் எதிர்ப்பதற்கு முதல் காரணமாகச் சொன்னது என் அம்மாவைத்தான். "ஒரு விதவைப் பொம்பள. முழங்கால் வேற சரியில்ல. அவங்களக் கொண்டுபோய் எட்டாவது மாடில வச்சா என்ன ஆவறது?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அந்த வாழைகளையும் அக்கம்பக்கத்தாரையும் விட்டால் அம்மா ஆறு மாதத்தில் வாடிப்போவார் என்று நான் ஆபீசில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டைப்பிஸ்ட் வேலையில் இருந்ததால், அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில். போய்ப் பார்த்தால் தோரணம் கட்டியிருக்கிறது. மைக் செட்காரர் "ஹலோ, ஹலோ" என்று ஊதிக்கொண்டிருக்கிறார். வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு சிறுமிகள். தலைவர் என் கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தார். இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்கு மரியாதை, வாழ்த்துரை, தலைமையுரை, நன்றியுரை, தேநீர்.

"கருத்து எங்க அங்கிள்?" என்றேன்.

"அது தலைமையுரைக்குள்ளயே வந்துரும்மா."

நன்றியுரைக்கு நேராக அம்மாவின் பெயர் இருந்தது. மேடையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், அதுவும் பாதிக்கப்படுகிற பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது என்பது அவர் கணக்கு. என்ன பேச வேண்டும் என்று அவரே எழுதியும் கொடுத்துவிட்டார். அம்மா அந்தத் தாளை மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்திருந்தார். வந்தவர்களுக்கு எல்லாம் முதலில் டீ கொடுத்தார்கள். அம்மா வழக்கம்போல "வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்று தள்ளிவிட்டார்.

அதிகாரி ஒரு சீனப் பையன். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்தோடும் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். பன்னீரில் கண்ணாடி நனைந்து, கண் தெரியாமல் மேடையேறினான். ஏறியதும் கழுத்தில் ஆளுயர மாலை விழுந்தது. அதன் மேல் பொன்னாடை. பொன்னாடைக்குள் வரைபடம் காணாமல் போயிற்று.

எங்கள் கூட்டத்துக்கே உரிய சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மாலை போட்ட மனிதரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது நமக்கு வழக்கமில்லை. அது மரியாதையாக இருக்காது. ஆகவே எதிர்ப்பதற்காகக் கூடிய கூட்டம் அவனைப் புகழத் தொடங்கியது. கம்பவுண்டின் முனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய்க்கு நாங்கள் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும். அந்த வயிற்றெரிச்சலோடு வந்தவர், வாழ்த்துரை என்று கொடுத்துவிட்டதால் வாழ்த்தியே தீர்த்தார். அதிகாரி நீடூழி வாழ வேண்டும், பதவி உயர வேண்டும், அவருடைய குலம் தழைக்க வேண்டும்.

"அவர் ஆட்சேபிக்கிறாரா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் என் காதைக் கடித்தான்.

"ஆமாம். கடுமையாக."

தலைவர் எழுந்தார். உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பித்து, நெடுநேரம் கழித்துத்தான் சிராங்கூன் சாலைக்கு வந்து சேர்ந்தார். "கருணையே உருவான இந்த இளைஞர், ஒரு விதவைத் தாயின் கண்ணீரைக் காணச் சகியார் என்பது திண்ணம்" என்று அம்மாவை நோக்கிக் கையை நீட்டினார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணில் கண்ணீர் இல்லை. கைக்குட்டைக்குள் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரப் பேச்சை நான் "இவரும் ஆட்சேபிக்கிறார்" என்று முடித்ததில், நான் எதையோ மறைப்பதாக அதிகாரி சந்தேகப்பட்டான்.

பிறகு நன்றியுரை. நன்றியுரை என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா மைக்கைத் தொட்டாரோ இல்லையோ, மண்டபமே எழுந்துவிட்டது. நாற்காலிகள் மடங்கின. பின்னால் கறிபாப் பலகாரத் தட்டுகளைத் திறந்தார்கள். தலைவரே முதல் ஆளாகப் போய்விட்டார். எங்கள் வழக்கம் தெரியாத அதிகாரி ஒருவன்தான், மாலையோடு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நான்.

அம்மா தாளைப் பார்த்து, மைக் செட்டுக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, பன்னீர் தெளித்த பிள்ளைகளுக்கு நன்றி என்று ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்து முடித்துத் தாளை மடித்தார். போகவில்லை.

"கடைசியா, கட்டடம் கட்டப்போற தம்பிக்கு நன்றி. சீக்கிரமா கட்டுங்க தம்பி. எனக்கு மாடி வீடுதான் வேணும். வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்கணும். மழையில கொடையும் டார்ச் லைட்டுமா என்னால போய்ட்டு வர முடியல. ரெண்டு தடவ விழுந்துட்டேன். அதனாலதான் பொழுது சாஞ்சா நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல. நன்றி."

பின்னால் யாரோ சம்பல் எங்கே என்று கத்தினார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றான் அதிகாரி.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்."

"கக்கூஸ் என்றாரே. அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

மலாய் மொழியிலும் அதே சொல்தானே. இந்த ஊரில் பிறந்தவனை அதில் ஏமாற்ற முடியாது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்று முழுவதும் அவன் சட்டைப்பையில் சும்மா கிடந்த பேனா அப்போதுதான் வெளியே வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். விடுவதாக இல்லை.

"விழுந்தத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? உன் வீட்ல எங்க படுக்க வைப்பே?"

"மாடி வீடு வேணும்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா? அந்தத் தம்பிதான் கேக்கணும்னு வந்துச்சு. சொல்லிட்டேன்."

அடுத்த வாரப் பங்கு மடலில், கம்பவுண்ட் மக்கள் திட்டத்தை ஒருமனதாக எதிர்த்ததாகவும், நன்றியுரையோடு கூட்டம் இனிதே நிறைவுற்றதாகவும் தலைவர் எழுதியிருந்தார். திட்டம் நிறைவேறியது. அம்மா சொன்னதற்காகத்தான் அரசாங்கம் அங்கே அடுக்குமாடி கட்டியது என்று நான் நம்பவில்லை. அம்மா சாகும்வரை நம்பினார். சிராங்கூன் சாலைக்குப் பொருள் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, "நான் சரின்னு சொன்னது" என்பார்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் புக்கிட் பாத்தோக்கில் வீடு கிடைத்தது. எட்டாவது மாடிதான். தலைவருக்கும் அதே புளோக். வீடு மந்திரிக்கப் பாதிரியார் வந்த அன்று மாலை, தலைவர் எங்கள் வரவேற்பறையில் நின்று தலைமையுரை ஆற்றினார். அடுக்குமாடி வேண்டும் என்று தாம் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அவரை வெளியே தள்ளுவதா என்று தெரியவில்லை. அம்மா நன்றி சொல்ல எழுந்தபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் கறிபாப்புக்குப் போய்விட்டார்கள்.

எல்லோரும் போகும்போது நன்றாக இருட்டிவிட்டது. மிஞ்சிய டீயைக் கொட்டுவதற்காகக் கெண்டியைத் தூக்கினேன்.

"கொட்டாதே" என்று அம்மா தன் கிளாசை நீட்டினார். "நிறைய ஊத்து."